ஏழு தடவை நின்ற கார்

1. நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடையில் அப்பா ஒரு பழைய டர்போ டீசல் கார் வாங்கினார்.

2. அதே மாதம், கன்னிவாடிக்கு மேலே மலையில் இருந்த சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் அம்மாவுக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. காலை எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். முதல் பஸ் போய்ச் சேர ஒன்பதரை ஆகும். அதனால் காரில் கொண்டுபோய் விடுவதாக அப்பா ஒப்புக்கொண்டார். விடுமுறை என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன்.

3. மூன்றாவது வாரத்தில் கார் ஏற்றத்தில் இழுவை இழந்து நிற்க ஆரம்பித்தது. அரை மணி நேரம் சும்மா விட்டால் மறுபடி கிளம்பும்.

4. இரண்டு வாரத்தில் ஏழு தடவை நின்றது. இனியும் தாமதமானால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள்.

சித்தப்பா டிராக்டர் பழுது பார்த்தவர். ஆகவே காரும் தெரியும் என்று எல்லோரும் நம்பினோம். டர்போவில் காற்று கசிகிறது என்றார். ரப்பர் குழாயை மாற்றினார், கிளாம்பை மாற்றினார், ஏர் ஃபில்டரைத் தட்டி மாட்டினார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. டீசல் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது அவருடைய சொந்த இலாகா. தோட்டத்து மோட்டாருக்கு வாங்கி டிரம்மில் வைத்திருந்த டீசலை, நைந்த பருத்தி வேட்டியை நான்காக மடித்து வடிகட்டித்தான் காருக்கு ஊற்றுவார். பெட்ரோல் பங்கில்கூட இம்புட்டு சுத்தம் கிடைக்காது என்பார்.

என் பங்குக்கு நான் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, வண்டியில் இருந்தது யார், நின்றதா இல்லையா என்று மூன்று கட்டம். அப்பா சந்தைக்குப் போனார், நிற்கவில்லை. சித்தப்பா திண்டுக்கல் போய்வந்தார், நிற்கவில்லை. அம்மா ஏறினாள், நின்றது. இதைப் பெருமையோடு எல்லோர் முன்னாலும் வாசித்தேன்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, நோட்டை வாங்கிப் பார்த்தாள். "சின்னப் புள்ளைக்குத் தெரியுது, ஒனக்குத் தெரியலையேப்பா. அவ ராசி அப்பிடி. பத்து நா அவள ஏத்தாமப் பாரு."

ஏற்றவில்லை. கார் மலைக்கே போகவில்லை, ஆகவே நிற்கவும் இல்லை. எல்லோருக்கும் திருப்தி. அம்மா பஸ்ஸில் போனாள். பத்தாவது நாள் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வாரம் மலைமேல் ஒரு காதுகுத்து. அத்தையை ஏற்றிக்கொண்டு போன கார் பாதி ஏற்றத்தில் நின்றது. அன்று யாரும் ராசி பற்றிப் பேசவில்லை. மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றார்கள்.

திண்டுக்கல் மெக்கானிக்கிடம் நோட்டை நீட்டினேன். ஒரு பக்கம் பார்த்தார். "யாரு இருந்தாகன்னு எழுதிருக்க, சரி. எங்கன நின்னுச்சு பாப்பா?"

ஏற்றத்தில் என்றேன். டீசல் லைனில் பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டி, அப்பாவையும் சித்தப்பாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஓட்டினார். சமதளத்தில் முள் அசையவில்லை. ஏற்றத்தில் டர்போ காற்றை அழுத்தி, எஞ்சின் கூடுதல் டீசல் கேட்டதும், அது போதுமான அளவு வராமல் முள் சரசரவென்று இறங்கியது. திரும்பி வந்து டீசல் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பருத்தி நூல் பிசிறு அப்பியிருந்தது.

"வேட்டி யாரோடது?" என்று மட்டும் கேட்டார். சித்தப்பா வெளியே போய் போன் பேசினார்.

இன்று எரிபொருள் அமைப்புகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஏழு தடவையும் அந்தக் காரில் இருந்தவர்கள் மூன்று பேர். அப்பா ஓட்டினார், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கட்டத்தில் அம்மாவை மட்டும்தான் எழுதினேன். ஏன் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் வேறு யாருக்கும் தோன்றவில்லை.

ஃபில்டர் மாற்றிய பிறகு கார் ஆறு வருடம் ஓடியது. அம்மா அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. அவளிடம் இதுவரை யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.