வெலிச்கோவின் முன்பல்

வெலிச்கோவின் மேல்வரிசை முன்பல் ஆட ஆரம்பித்தது. பகலில் அவர் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் கிளாரினெட். வாத்தியத்தின் முனை அந்தப் பல்லில்தான் அழுந்தும். பல் போனால் மன்றத்து இசைக்குழுவில் அவர் இடமும் போனதுதான்.

பல்கேரியத் தலைநகர் சோஃபியாவின் ஓரத்தில், லியூலின் பகுதி முழுக்க அடுக்குமாடிகள், அடுக்குமாடிக்கொரு பல் டாக்டர். யாரிடம் போவது? வெலிச்கோ எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்புகிறவர் அல்ல. லிஃப்டில் ஏறுகிறவர்களின் வாயைக் கவனிக்கத் தொடங்கினார்.

"கொஞ்சம் சிரிங்க."

"எதுக்கு?" என்றாள் ஏழாம் மாடி யோர்தான்கா.

"பல்லைப் பார்க்கணும்."

"குதிரை வாங்க வந்தியா? இரு, என் புருஷனைக் கூப்பிடுறேன். விலை அவன்தான் சொல்லணும்."

வாசல் பெஞ்சில் சூரியகாந்தி விதை கொறித்தபடி ஆளாளுக்குத் தன் டாக்டரைப் புகழ்ந்தார்கள். உரக்கப் புகழ்ந்த காமென், விதையை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார்.

"உங்க டாக்டர் கட்டின பல்லால ஒண்ணு உடைங்க, பாப்போம்" என்றார் வெலிச்கோ.

"புதுப் பல்லுப்பா. தொந்தரவு பண்ணக்கூடாது."

"எப்பக் கட்டினது?"

"நாலு வருஷமாச்சு."

பெஞ்சே சிரித்தது. ஓரத்தில் சோன்கா மட்டும் சிரிக்க நேரமில்லாமல் உடைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களுக்கு யாரு?"

"மிலேவா. கீழ்ப்பல்லு நாலும் ஆடிச்சு. பின்னால கம்பி வச்சு ஒண்ணோட ஒண்ணா கட்டிட்டா. நான் இப்படித் திங்கிறது தெரிஞ்சா அடிப்பா."

"எந்த மிலேவா?"

"உன் தலைக்கு மேல குடியிருக்காளே, அவதான்."

வெலிச்கோ வாசிக்கும்போதெல்லாம், நிறுத்தச் சொல்லி ஹீட்டர் குழாயை டங் டங்கென்று தட்டுகிறவள். எல்லோரையும் எல்லாமும் கேட்கிற மனிதர், அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று மட்டும் கேட்டதில்லை. இவளிடம் பல்லை நீட்டினால் பிடுங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பாள். ஆனால் சோன்கா விதை உடைத்ததைக் கண்ணால் பார்த்தாயிற்று. அவளுடைய கிளினிக்குக்குப் போனார்.

மிலேவா பல்லை ஆட்டிப் பார்த்தாள். "இது போனா வாசிப்பு நின்னுடும், இல்ல?"

வாயைத் திறந்தபடியே, அந்த ஊர் வழக்கப்படி, ஆமாம் என்று தலையை இடவலமாக ஆட்டினார்.

"போய் உங்க கிளாரினெட்டை எடுத்துட்டு வாங்க" என்றாள். "எங்க அழுந்துதுன்னு தெரியாம கம்பி போட முடியாது."

எடுத்து வந்தார். ஈறின்மேல் விரலை வைத்துக்கொண்டு அவள், "ம்" என்றாள். ஒரு கீழ் ஸ்வரம் வாசித்தார்.

"இது இல்ல. மேல போய்க் கீச்சுனு ஒண்ணு கத்துமே, தினமும். அது."

வாசித்தார். கத்தியது.

"இந்த இடம் வந்ததும் பயந்து கடிக்கிறீங்க. பல்லு ஆடுறதும் அதனாலதான், சத்தம் கெடுறதும் அதனாலதான். கடிக்காம வாசிங்க."

மறுபடி வாசித்தார். பாதி கத்தியது, பாதி பாடியது.

"பல்லு நிக்குமா, டாக்டரம்மா?"

"கம்பி போடுறேன். நீங்க கடிக்கிறதை விட்டா நிக்கும்."

"விட்டுட்டேனான்னு எப்படித் தெரியும்?"

"எனக்குக் கேட்கும்" என்றாள் மிலேவா.