யதுர்ஷனின் வயிறும் ஜெயரூபனின் வாயும்

ஆரையம்பதியில் சைக்கிளில் மீன் விற்ற ஜெயரூபனுக்கு ஹோர்ன் தேவைப்படவில்லை. தெருமுனையில் அவன் வாயைத் திறந்தால் மறுகோடியில் பூனைகள் எழுந்து நிற்கும். அந்த வாயில் எந்த இரகசியமும் ஒரு பகல் தங்கியதில்லை. மனைவி புஸ்பம் முழுகாமல் இருந்த செய்தியையே அவளுடைய தாய், மீன் வாங்கிய ஒரு பெண்ணிடமிருந்துதான் அறிந்தாள்.

சுனாமி அவர்களுடைய வீட்டைக் கொண்டுபோனது. பிள்ளையோடு மூவரும் தப்பினார்கள். அதன் பிறகு முகாமில் தகரக் கொட்டிலும் பொதுக் கக்கூசும்தான் வாழ்க்கை. அங்கே வந்த பிறகே நான்கு வயது யதுர்ஷனின் வயிறு கெட்டது. ஒரு நாளைக்குப் பல தடவை காற்சட்டை நனைந்தது. வயிறு உப்பிப்போய், சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பினான்.

ஜெயரூபன் மீனை நிறுத்துக்கொண்டே வீட்டு வாசல்களில் படலைக்குப் படலை விபரம் சொன்னான். நிறம், மணம் எதையும் விடவில்லை. சிலர் வாங்கிய மீனைத் திருப்பிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் மருந்து சொன்னார்கள்: கொய்யாக் குருத்து, மாதுளங்கோது அவித்த தண்ணீர், சாயம் கூடின தேத்தண்ணீர். காத்தான்குடியில் தேத்தண்ணீர்க்கடை வைத்திருந்த முகைதீன்பாவா ஒரு சாதிக்காயையே கையில் வைத்தார்.

"தம்பி, இத உரைச்சுக் குடுங்க. கல்லா இறுகும்."

எல்லாவற்றையும் கொடுத்தார்கள். காற்சட்டை நனைவது மட்டும் நிற்கவில்லை.

சில நாட்களின் பின் முகைதீன்பாவா சுகம் விசாரிக்கக் கொட்டிலுக்கே வந்தார். முஸ்லிம் பெரியவர்களைக் காக்கா என்று அழைப்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

"புஸ்பம், காக்கா வந்திரிக்கார்!" என்று ஜெயரூபன் வாசலில் நின்று கத்தினான்.

உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த புஸ்பத்துக்கு அது 'கக்கா' என்று கேட்டது. பிள்ளையை ஒரு கையிலும் பழைய சட்டியை மறுகையிலும் தூக்கி ஓடிவந்தவள், முகைதீன்பாவாவின் காலடியில் சட்டியை வைத்து, பிள்ளையை இருத்திவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாள். அவர் தேத்தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார்.

அடுத்த வாரம் வெளிநாட்டு டொக்டர் ஒருவர் முகாமுக்கு வந்தார். மொழிபெயர்க்க வந்த இளம்பெண் வெட்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். வேறு வழியில்லாமல் ஜெயரூபன் கைகளாலேயே விளக்கினான். தண்ணீர் திடீரென்று பாய்வதையும், நிறுத்த முடியாமல் தாங்கள் ஓடுவதையும் நடித்துக் காட்டினான். டொக்டரின் கண் கலங்கியது. அவனைக் கட்டிப்பிடித்து முதுகைத் தடவி, ஒரு போர்வையும் கொடுத்து அனுப்பினார். அவர் சுனாமியென்று நினைத்துவிட்டார்.

கடைசியில் புஸ்பம், "நீங்க கதைச்சது காணும், வாயை மூடுங்க" என்று சொல்லிப் பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் புறப்பட்டாள். ஜெயரூபனும் பின்னால் போனான். வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கினார்கள். யதுர்ஷனின் காற்சட்டை நனைந்ததும் சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு, முதலில் இவர்களைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

பிள்ளைகளைப் பார்க்கும் டொக்டர் ஒரு பெண். வயிற்றை மெதுவாக அமத்தி அமத்திப் பார்த்தார்.

"இவருக்கு வயித்தோட்டம் இல்ல. மலச்சிக்கல்."

"டொக்டர், காற்சட்ட தோய்ச்சு மாளுதில்ல!" என்றாள் புஸ்பம்.

"உள்ளுக்கு இறுகி அடைச்சிருக்கு. தண்ணியா இருக்கிறது மட்டும் அதைச் சுத்திக் கசியுது."

"அப்ப, தண்ணி கடலுக்குப் போற முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கு எண்டு சொல்றீங்க," என்றான் ஜெயரூபன்.

"ஓம். நீங்க மருந்தெண்டு குடுத்ததெல்லாம் அதுக்கு மேல இன்னும் மண் போட்ட மாதிரி."

பிறகு அவர் பிள்ளையின் பக்கம் குனிந்தார். "ஏன் மகன் அடக்கி வைக்கிறீங்க?"

யதுர்ஷன் தாயைப் பார்த்தான். "கக்கூசு ஓட்டைக்குள்ளால கடல் வரும்."

ஊர் முழுக்க மருந்து கேட்ட ஜெயரூபன், இவனை ஒரு தடவையும் கேட்டதில்லை. புஸ்பம் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடைப்பை இளக்க மருந்தும், தொடர்ந்து குடிக்க இனிப்புப் பாணியும் கிடைத்தன. சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் சட்டியில் இருத்த வேண்டும், ஏசக்கூடாது, மாதக்கணக்காகும் என்றார் டொக்டர். கொட்டிலின் மூலையில், அடி மூடிய ஒரு பிளாஸ்டிக் சட்டி வந்தது. யதுர்ஷன் அதில் இருக்க, எதிரே மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஜெயரூபன் இருந்தான். திருக்கை மீனுக்கும் நண்டுக்கும் நடந்த கல்யாணச் சண்டையை முடிவில்லாமல் சொன்னான். பிள்ளை சிரித்த சிரிப்பில் ஒருநாள் காலை அடைப்பு விட்டது.

புஸ்பம் சட்டிக்குள் பார்த்து, "அம்மாளாச்சி!" என்று கும்பிட்டாள். உடனே புருசனைப் பார்த்து விரலை நீட்டினாள். "இத ஒருத்தருக்கும் சொல்லப்படாது."

அன்று அவன் மீன் விற்கப் போகவில்லை. போனால் சொல்லிவிடுவான் என்று அவனுக்கே தெரியும்.

பாணி ஒரு வருசத்துக்கு மேல் தேவைப்பட்டது. பள்ளிக்கூடம் தொடங்கியபோது மறுபடி அடைத்து, மறுபடி சரிவந்தது. நாட்டில் சண்டை முடிந்த வருசம் கல்வீட்டில் குடியேறினார்கள். புதுக் கக்கூசு வாசலில் யதுர்ஷன் வெகுநேரம் நின்றான். பயமென்று நினைத்த ஜெயரூபன் கதையைத் தொடங்கினான்.

"அப்பா, நீங்க அங்கால போங்க," என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினான் பிள்ளை.