சாரலை நம்பி வைத்த குழம்பு

குற்றாலத்து அம்மையின் பிள்ளைகளுக்கு இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். போன ஆடியில் என் வீட்டுக்காரர் சாகக் கிடந்தார். அந்தக் கதிக்கு அவரை ஆளாக்கியது என் கைச் சமையல்.

எங்களுக்குக் குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரம். சீசனுக்குக் குளிக்க வந்த சொந்தக்காரர்களுக்காக ஒரு திங்கட்கிழமை பெரிய பானை நிறையக் கோழிக் குழம்பு வைத்தேன். பாதி மிஞ்சியது. பானை பிரிட்ஜில் நுழையாது. சின்னப் பாத்திரத்துக்கு மாற்றச் சோம்பல். "சாரக்காத்து இப்படி அடிக்குல்லா, கொழம்பு எங்கன கெடப் போவுது?" என்று அடுப்பு மேடையிலேயே மூடி வைத்தேன். சீசன் வந்தால் எங்கள் தெருவில் எல்லோரும் இப்படித்தான்.

மறுநாள் ஆடிச் செவ்வாய். எனக்கு விரதம். அவர் ஓய்வு பெற்ற போலீஸ்காரர், வாய் சும்மா இருக்காது. "விரதம் ஒனக்குத்தானட்டி? நேத்துக் கொழம்ப எடு" என்றார். லேசாகச் சூடு பண்ணி ஊற்றினேன். வாசனையில் ஒரு குறையும் இல்லை.

புதன் விடியும்போது வாந்தியும் வயிற்றுப்போக்கும். சூடு பிடித்திருக்கும் என்று மோரும் சீரகத் தண்ணீரும் கொடுத்து ஒரு நாளை வீணாக்கினேன். பாவி நான். வியாழக்கிழமை தென்காசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவருக்குக் கண் சொருகிவிட்டது. உடம்பில் நீரே இல்லை, கிட்னி இரண்டும் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

"செவ்வாக்கெழம கவிச்சி தின்னா அம்மை சும்மா விடுவாளா?" என்றாள் என் நாத்தனார். டாக்டரிடமே கேட்டேன்.

"கிருமிக்குக் கெழமை தெரியாதும்மா. அவ்வளவு பெரிய பானையில உள்ள ஆறாம வெதுவெதுன்னே கெடந்திருக்கும். அதுல பெருகியிருக்கு. லேசாச் சூடு பண்ணினா அது சாவாது."

அம்மையின் கோபம் என்று அவர் சொல்லியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை. கட்டிலுக்கடியில் தொங்கிய சிறுநீர்ப் பை காலியாகவே இருந்தது. நாளைக்குள் இறங்காவிட்டால் டயாலிசிஸுக்குத் திருநெல்வேலி போகவேண்டும், இதயம் தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார்கள். கூப்பிட்டால் அவர் கண் திறக்கவில்லை. எனக்கு எல்லாம் முடிந்துபோனது. தாலியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் நின்றேன். குற்றால மலை மேல் மேகம் கருத்துக் கிடந்தது. கோயிலுக்குப் போக வழியில்லை. அங்கேயே நின்று குழல்வாய்மொழி அம்மையிடம் சண்டை போட்டேன்.

"ஒன் மலையில அவ்வளவு தண்ணி கொட்டுதே. இவருக்கு ஒரு சொட்டு தரக் கூடாதா?"

வேறு மந்திரம் எதுவும் என் வாயில் வரவில்லை.

சனிக்கிழமை காலை நர்ஸ் குனிந்து பார்த்துவிட்டு, "யக்கா, பையில எறங்கிருக்கு!" என்றாள். அடியில் கொஞ்சம், மஞ்சளாக. அந்தப் பையைக் கும்பிட்டேன். மருந்து டாக்டருடையது. அது உடம்பில் கேட்கும்படி செய்தது அம்மை.

அவர் இன்று இருக்கிறார். பழைய ஆள் இல்லை. உப்பில்லாச் சோறு, அளந்துதான் தண்ணீர். அருவியை ஓரமாக நின்று பார்ப்பதோடு சரி.

வீடு திரும்பிய அன்று எனக்கு அடுப்பைத் தொடக் கை வரவில்லை. வெளியே வாங்கலாம் என்றேன்.

"ஏட்டி, நீ வையி. ஒன் கையாலதான் சாப்பிடுவேன்" என்றார்.

அழுதுகொண்டே சோறு வடித்தேன். நான் கேட்டது ஒரு சொட்டுத்தான். அம்மை இதையும் சேர்த்துக் கொடுத்தாள்.

எல்லாம் போய்விட்டது என்று இருப்பவர்கள் அவளிடம் கேளுங்கள். கோபமாகக்கூடக் கேளுங்கள், அவள் பொறுத்துக்கொள்வாள். மிஞ்சிய குழம்பை மட்டும் சாரலை நம்பி வைத்துவிடாதீர்கள்.