சம்பந்தி வீட்டில் மூடிய இலை

பசி இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. அதுவரை பசி என்னை ஒரு நாளும் தனியாக விட்டதில்லை. பல் துலக்கும்போதே இட்லியா தோசையா என்று கேட்கும். இட்லி தின்று கை கழுவும்போதே மதியத்துக்கு என்ன குழம்பு என்று கேட்கும். துடியலூரில் எங்களுக்கு மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறை. வீட்டுக்காரர் லேத்துப் பக்கம், நான் ஆபீஸ் பக்கம். ஆபீஸுக்கு எதிரே ஒரு பேக்கரி. தேங்காய் பன் அடுப்பிலிருந்து இறங்கும் நேரம் கடிகாரம் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

சின்ன வயதிலிருந்தே நான் குண்டு. முகத்துக்கு முன்னால் "பூசின ஒடம்பு" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வதை எழுதினால் காகிதம் கெட்டுப்போகும். வாயைக் கட்ட மாட்டாள், மனக்கட்டுப்பாடு கிடையாது என்று சொல்லிச் சொல்லி, நானும் அதையே நம்பிவிட்டேன். எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம் என்பதால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தால் அவர்கள் சொன்னதுதான் காதில் நிற்கும், நான் திருப்பிச் சொன்னது நிற்காது.

முட்டி இரண்டும் போய், சர்க்கரையும் ஏறிய பிறகு, டாக்டரம்மா அந்த ஊசியை எழுதிக்கொடுத்தார். வாரம் ஒரு தடவை, வயிற்றுச் சதையைப் பிடித்து நானே போட்டுக்கொள்ள வேண்டும். பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். பசி குறையும், குமட்டல் வரும், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், அளவை மெதுவாக ஏற்றுவோம் என்றார். பசி குறையுமா, நம்ம பசியா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டுதான் வாங்கி வந்தேன்.

குறைந்தது. ஒரு நாள் பேக்கரி வாசலைத் தாண்டிப் போய் ஆபீஸ் பூட்டைத் திறந்த பிறகுதான், பேக்கரி இருந்ததே ஞாபகத்துக்கு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் இல்லை, ஆத்திரத்தில். ஒரு சொட்டு மருந்து நிறுத்திவிடுகிற விஷயத்துக்கா இத்தனை வருஷம் என்னை ஒழுக்கம் கெட்டவளைப் போலப் பேசினார்கள்? நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டு என்னையே திட்டினேனே? அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

ஆனால் இந்த ஊசியை நான் வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. பிரிட்ஜில் கறிவேப்பிலை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மகனுக்கே தெரியாது. ஆள் பாதியாகிவிட்டீர்களே என்று கேட்டவர்களிடம் கொள்ளு ரசம், நடைப்பயிற்சி என்று அளந்துவிட்டேன். ஊசி போட்டுத்தான் இளைத்தாள் என்று சொல்லிவிட்டால், இளைத்ததும் என் கணக்கில் வராதே. அது ஒன்று. இன்னொன்று, மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். சர்க்கரை வியாதிக் குடும்பம் என்று யாராவது கிளப்பிவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

பெண் அமைந்தது கோபிசெட்டிபாளையத்துப் பக்கம். வாழைத்தோப்பும் வயலுமாக இருக்கும் வீடு. பெண் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். என் பெரியம்மா மகள் கொண்டுவந்த ஜாதகம். முதல் தடவை போனபோது பலகாரமும் காப்பியும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். எங்கள் பக்கம் அப்படித்தான். பேச்சு முடிவாகாத வீட்டில் சோற்றில் கை நனைக்க மாட்டோம். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு மகனும் அந்தப் பெண்ணும் தினமும் போனில் பேசினார்கள். பட்டறையில் ஒரு வார்த்தைக்கு மறு வார்த்தை பேசாத பையன், மொட்டை மாடியில் நடந்து நடந்து சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு அதைப் பார்க்கவே வயிறு நிறைந்தது.

இரண்டாம் தடவை கை நனைக்கவே போனோம். அன்றைக்கு அங்கே விருந்து, அது முடிந்ததும் உப்புச் சர்க்கரை மாற்றி உறுதி செய்ய நாள் குறிப்பது என்று ஏற்பாடு. அந்த வாரம்தான் டாக்டரம்மா ஊசியின் அளவை ஏற்றியிருந்தார். வெள்ளிக்கிழமை போட்டேன், ஞாயிற்றுக்கிழமை விருந்து. ஒரு போன் போட்டு டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கலாம். எல்லாம் சமாளித்துக்கொள்வேன் என்ற திமிர்.

தலைவாழை இலை போட்டு, இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும், பச்சைப்பயறு, பொரியல் இரண்டு, அப்பளம், பருப்புப் பூரணம் வைத்த ஒப்புட்டு என்று அடுக்கினார்கள். பெண்ணே வந்து என் ஒப்புட்டின் மேல் நெய் ஊற்றினாள். சூடான நெய்யின் வாசம் மேலே வந்ததும் எனக்கு அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வாய்தான் உள்ளே போயிருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. இன்னும் ஒரு நொடி உட்கார்ந்திருந்தால் பந்தியிலேயே வாந்தி எடுத்திருப்பேன். இலையை வைத்தது வைத்தபடி மூடிவிட்டு எழுந்து போய்க் கை கழுவினேன். திரும்பிப் பார்த்தால் எல்லோருடைய கையும் இலையில் நின்றிருந்தது. பெண் நெய்க் கிண்ணத்தோடு அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"ஏனுங்க, சமையல் புடிக்கலீங்களா?" என்று அவள் அம்மா கேட்டார்.

வயிறு நிறைந்துவிட்டது என்றேன். மூடிய இலை மேடாக உப்பிக்கொண்டு கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே என் பொய்யையும் கேட்டுக்கொண்டார் அந்த அம்மா. நல்ல நேரம் பார்த்துச் சொல்லி அனுப்புகிறோம் என்று எங்களை மரியாதையாகவே வழியனுப்பினார்கள். எங்கள் ஊரில் மரியாதை அளவுக்கு மீறிக் கூடினால் விஷயம் சரியில்லை என்று அர்த்தம். வரும் வழியில் வீட்டுக்காரர் மெதுவாக, சொல்லியிருக்கலாமே என்றார். உங்களுக்கென்ன, உங்கள் வயிற்றிலா ஊசி என்று அவர்மேல் பாய்ந்தேன்.

மூன்று நாளில் பெரியம்மா மகள் போன் செய்தாள். பெண் வீட்டில் நாள் குறிப்பதை நிறுத்திவிட்டார்களாம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இஷ்டமில்லாத வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்து, அது அங்கே போய்க் கண்ணைக் கசக்குவதைப் பார்க்க முடியாது என்கிறார்களாம்.

"கை நனைக்கறக்குப் போன எடத்துல எலைய மூடிப்போட்டு எந்திரிச்சா வேற என்னங்க்கா அர்த்தம்? நீங்களே சொல்லுங்க" என்றாள்.

அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதே அர்த்தம்தான் எடுத்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் மகன் வந்தான். பெண் அவன் போனை எடுக்கவில்லை. கத்துவான் என்று பார்த்தேன், கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் சட்டையைக்கூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்து, இந்தப் பெண் இல்லையென்றால் தனக்கு வேறு பார்க்க வேண்டாம் என்று மட்டும் சொன்னான். பிரிட்ஜைத் திறந்து, டப்பாவுக்குப் பின்னாலிருந்து பேனாவை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்கு எதுக்கும்மா இத்தன மறைப்பு? அவங்ககிட்டச் சொல்லிப்போட்டு வாங்க" என்றான்.

மறுநாளே கிளம்பினோம். அன்னூர், புளியம்பட்டி என்று ஊர்கள் போய்க்கொண்டிருந்தன, நான் மனதுக்குள் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். போய்ச் சேர்ந்ததும் ஒத்திகையெல்லாம் மறந்துவிட்டது. வீட்டுக்காரரைப் பெண்ணின் அப்பா தோப்புப் பக்கம் கூட்டிப்போக, நான் நேராகச் சமையலறைக்குள் நுழைந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். சர்க்கரை, முட்டி, ஊசி, குமட்டல், கொள்ளு ரசப் பொய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பெண் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சக்கர இல்லாத ஊடு எங்கீங்க இருக்குது? எங்கூட்டுலயும் இவங்கப்பனுக்கு இருக்குதுங்க. இத அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லீருந்தா, நான் மோர் மட்டும் குடுத்திருப்பனே. ஒப்புட்டு கருகிப்போச்சோ, பயறு வேகலையோன்னு நானு தூங்கவே இல்லீங்க" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. இந்த வாரமே நாள் குறித்துவிடலாம் என்றார். ஒரு டம்ளர் நீர்மோரில் கொத்தமல்லி கிள்ளிப் போட்டுக் கொடுத்தார், அதை நிதானமாக முழுசும் குடித்தேன். அன்றைக்கிலிருந்து இவளும் சரியாக உண்பதில்லை, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற டப்பா பாதி அப்படியே திரும்பி வருகிறது என்று பெண்ணைக் காட்டிச் சொன்னார். கல்யாணம் தட்டிப்போய்விடுமோ என்ற கவலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இனிமேல் சாப்பிடுவாள் என்றேன்.

கிளம்பும்போது, தோப்பிலிருந்து வீட்டுக்காரரைக் கூப்பிடப் போனேன். பெண்ணும் கூடவே வந்தாள். வாழைமரங்களுக்கு நடுவே வாய்க்கால் ஓரமாக நடந்தோம். வீடு கொஞ்சம் பின்னால் போனதும் நின்றாள்.

"அத்தை, அந்த ஊசி எனக்கும் எழுதிக் குடுப்பாங்களாங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. உனக்கு என்ன நோவு, சர்க்கரையா, முட்டியா, ஆசைக்கு வாங்கிப் போட்டுக்கொள்ள அது என்ன கண்மையா என்று படபடவென்று பொரிந்தேன். யார் உன்னை என்ன சொன்னது, என் மகன் ஏதாவது சொன்னானா, சொல்லியிருந்தால் இன்றைக்கே அவன் காதைத் திருகுகிறேன் என்றேன்.

அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அவரு ஒண்ணுமே சொன்னதில்லீங்க. நான் நெய் ஊத்தறப்போ நீங்க என்னைய மேலயிருந்து கீழ வரைக்கும் பாத்தீங்க. அதுக்கப்பறந்தான் எலைய மூடுனீங்க. ஊசியாலதான் உண்ண முடியலைன்னு சொன்னீங்க, சரிங்க. அப்பிடிப் பாத்ததும் ஊசியாலதானுங்களா?"

இல்லை கண்ணு, நீயாக எதையோ நினைத்துக்கொண்டாய் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. யாருக்கும் தெரியப்போவதில்லை. நாள் குறிக்க வார்த்தை கொடுத்தாகிவிட்டது, மகன் வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

ஆனால் நான் பார்த்தேன். குமட்டலுக்கு மூச்சு வாங்கத் தலையைத் தூக்கியபோது, குனிந்து நின்ற அவளுடைய கையை, இடுப்பை, கழுத்துச் சதையைப் பார்த்தேன். ஒரு பிள்ளை பெற்றால் இவளும் நான் இருந்த மாதிரி ஆகிவிடுவாள் என்று நினைத்தேன். இளைத்த நாளிலிருந்து எனக்கு அந்தக் கண் வந்திருந்தது. பஸ்ஸில் ஏறுகிறவளை, கோயிலில் முன்னால் நிற்கிறவளை, பேக்கரியில் பன் வாங்குகிறவளை, யாராக இருந்தாலும் ஒரு பார்வை. பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு காலத்தில் என்னை அப்படித்தான் பார்த்தார்கள். பஜ்ஜி தின்றுகொண்டே பார்த்தார்கள். அந்தப் பார்வை பட்டால் உடம்பில் எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்த நானே இந்தக் குழந்தையை அப்படிப் பார்த்திருக்கிறேன். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"பாத்தேன் கண்ணு" என்றேன். "ஊசி இல்ல. நான்தான் பாத்தேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"இல்லைன்னு சொல்லீருந்தீங்கன்னா, இந்தக் கல்யாணம் வேண்டாம்னு இன்னைக்கே அவருகிட்டச் சொல்லிப்போடலாம்னு இருந்தேனுங்க" என்றாள்.

வாய்க்கால் மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள், பிறகு எனக்கு முன்னால் வேகமாக நடந்து வீட்டுக்குள் போனாள்.

"அம்மா, பசிக்குது. சோறு போடு" என்று அவள் சமையலறையில் சொல்வது வெளியே கேட்டது.

எனக்குப் பசிக்கவில்லை. ஆனாலும் உள்ளே போய், அவள் உண்டு முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.