வேலி இல்லாமல் வளர்ந்த வெள்ளை எலிகள்

எலி பிடிப்பவனுக்கு ஊரில் மரியாதை உண்டு. எலி வளர்ப்பவனுக்குக் கிடையாது. பள்ளிக்கூட ஆய்வுகூடங்களுக்காகக் கோப்பாயில் நான் வெள்ளை எலி வளர்த்தேன். எதையாவது வளர்த்து, அதனிடமே கடி வாங்கியவர்கள் மேலே படிக்கலாம்.

ஆளுக்கொரு வளவு

எங்கள் ஊரில் அண்ணன் வீட்டு வளவுக்கும் தம்பி வீட்டு வளவுக்கும் நடுவிலும் வேலி உண்டு. அந்த வழக்கத்தில், பால் மறந்த குட்டிகளைப் பெட்டிகளில் தடுப்புத் தட்டு அடித்துத் தனித்தனியே விட்டேன். சண்டை இல்லை, சத்தம் இல்லை. நன்றாகக் கொழுத்தன.

எனக்கு மிஞ்சியிருந்த ஒரே வாடிக்கையாளர், சாவகச்சேரியில் விலங்கியல் படிப்பித்த மாஸ்டர். வாங்கிப்போன எலிகளோடு பஸ்ஸில் திரும்பி வந்தார், விரலில் கட்டு. "தம்பி, கண்காட்சியிலை பிள்ளையள் இதைக் கையிலை வைச்சுக் காட்டவேணும். இன்னொருக்காக் கடிச்சால் நான் முயலுக்கு மாறிப்போடுவன்!"

காணி பிடிக்க வந்தவர்

திரும்பி வந்த எலிகளில் ஒன்றை, பெட்டி போதாததால் தட்டில்லாமல் ஒன்றாகவே வளர்ந்த சில குட்டிகளிடம் விட்டேன். குட்டியொன்று ஓடிவந்து அதன் பிடரியை மூக்கால் இடித்தது. எலிகளிடையே அது விளையாட்டுக்கு அழைப்பு. தனியனுக்கு அது விளங்கவில்லை, திரும்பிக் கடித்தது.

தமையன்மாரின் எல்லை வழக்கோடு வளர்ந்த என் மனைவி பத்மா சொன்னாள்: "விளையாட வந்ததைக் காணி பிடிக்க வந்ததெண்டு நினைக்குது. வேலிக்குள்ளை வளர்ந்தது வேறை என்ன செய்யும்?"

நல்ல அயல்

அடுத்த ஈற்றுக்குத் தட்டுகளைக் கழற்றினோம். குட்டிகள் புரண்டன, பிடித்தன, விட்டன. பத்மா தேங்காய்ப்பூ கொடுத்து ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பழக்கினாள். பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "உன்ரை எலியளுக்குக் கிடைச்ச அயல் எனக்குக் கிடைக்கேல்லையே!"

பங்கருக்குள் ஒன்று

அது போர்க்காலம். கண்காட்சியன்று ஒரு மாணவி எங்கள் எலியைக் கையில் வைத்து விளக்கிக்கொண்டிருந்தாள். குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டது. எல்லோரும் பள்ளிக்கூட வளவில் வெட்டியிருந்த பதுங்குகுழியான பங்கருக்குள் பாய்ந்தோம். அவள் எலியோடு பாய்ந்தாள். இருட்டு, நெரிசல், அழுகை, காதோரம் ரீங்கரிக்கும் நுளம்பு. என் தொழில் முழுவதும் அந்த ஒரு கைக்குள் இருந்தது.

விமானம் போனபின் ஏறி வந்தோம். எலி அவளுடைய உள்ளங்கையில் இருந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அவள் விரல்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவள் சிரித்தாள். "கடிச்சது நுளம்பு மட்டும்தான், சேர்!"

அடுத்த வருடத்து எலிகளுக்கும் மாஸ்டர் அங்கேயே சொல்லிவைக்க, வெற்றியோடு வீடு வந்த நான், எலிப்பெட்டியில் கழற்றிய தட்டுகளை எடுத்து பக்கத்து வளவுப் பக்கம் எங்கள் வேலியில் ஆள் நுழையுமளவு ஓட்டையாக இருந்த பொட்டை அடைத்தேன்.