காத்தாயியின் முடியும் நாற்பதாவது பெயரும்

அமிர்தசாமி வாத்தியார் பொய் சொல்லமாட்டார். ஆனால் அவர் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால், செஞ்சியில் எல்லாக் குழந்தைகளும் ஜூன் முதல் தேதியன்றுதான் பிறந்திருப்பார்கள். பெற்றவர்களுக்குத் தேதி தெரியாது. "ஏரி ஒடைஞ்ச வருசம், வேர்க்கடல புடுங்கற நாளு" என்பார்கள். ஆகவே தேதியை வாத்தியாரே வழங்கிவிடுவார். வயதை மட்டும் வழங்கமாட்டார். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருஷம்.

பதினெட்டு வருஷமாக அதில் அவர் இறங்கி வந்ததில்லை. சொந்த மகள் லில்லியையே ஒரு வருஷம் திருப்பி அனுப்பினார். அதற்காக மனைவி சவரியம்மாள் மூன்று நாள் பேசவில்லை. அந்த மூன்று நாளும் நிம்மதியாக இருந்தது என்று அவர் சொல்வதுண்டு, சவரியம்மாள் இல்லாத இடத்தில்.

1944 ஜூனில் அந்த விதி அவர் கழுத்தையே பிடித்தது. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து நாற்பது பேர் இருந்தால்தான் இரண்டாவது ஆசிரியர் உண்டு என்று மேலிடத்துக் கடிதம். இரண்டாவது ஆசிரியை சுந்தராம்பாள், சின்னப் பிள்ளைகளைப் பாட்டாலேயே அடக்கிவிடுவாள். வாத்தியார் பிரம்பால் முயன்று தோற்றவர். அவள் இல்லாமல் பள்ளி நடக்காது என்பது அவருக்குத் தெரியும். அவளிடம் சொன்னதில்லை.

பள்ளி திறந்த வாரம், வியாழனன்று எண்ணினால் முப்பத்தொன்பது. திங்களன்று இன்ஸ்பெக்டர் வருகிறார்.

அன்று மத்தியானம் சந்தையில் கத்தரிக்காய் விற்கும் அம்மாக்கண்ணு தன் மகள் காத்தாயியைக் கூட்டி வந்தாள். பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி. மலையனூர் அங்காளம்மனுக்கு நேர்ந்தது. பள்ளியில் சேரும் நாளாயிற்றே என்று எண்ணெய் வைத்து, குடத்தைக் கவிழ்த்த மாதிரி உச்சிக்கொண்டை, அதன்மேல் கனகாம்பரம்.

காத்தாயி கையைத் தூக்கினாள். கை கொண்டைமேல் ஏறி, மறுபக்கம் இறங்குமுன் தீர்ந்துவிட்டது. அவிழ்த்து, அமுக்கிப் பிடித்தும் பார்த்தார்கள். விரல் காதுக்கு ஒரு விரற்கடை தள்ளியே நின்றது.

"அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்றார் வாத்தியார், சுந்தராம்பாள் பக்கம் திரும்பாமல்.

"இன்னா சாரு, ஒரு விரக்கடைக்கு ஒரு வருசமா? புள்ள வழியெல்லாம் அ, ஆ சொல்லிக்கினே வந்துச்சு."

"காது எட்டலயே."

"கை நீளந்தான் சார்" என்றாள் சுந்தராம்பாள். "தலைதான் ரெண்டு மாடி. மேல்மாடியை எறக்கிட்டு அளந்தா இன்னா?"

வாத்தியார் முகம் தெளிந்தது. "அதானே! அந்த மொட்டையைப் போட்டுட்டு வாம்மா. திங்கக்கெழம அளந்துடலாம்."

அம்மாக்கண்ணு இடுப்பில் கை வைத்தாள். "நல்லா கீது நாயம்! ஆத்தாளுக்கு நேர்ந்த முடிக்கு மாதா கோயில் வாத்தியாரு நாள் குறிக்கிறாரு. ரெண்டாவது ஒண்ணு பொறந்தப்புறம் சேத்து எடுக்கறதா வேண்டிக்கினு இருக்கேன் சாரு."

"ரெண்டாவது எப்போ?"

"அத ஆத்தாளைத்தான் கேக்கணும்."

"அப்ப நேர்ல போயே கேட்டுட்டு வாக்கா. அப்படியே முடியையும் குடுத்துடு" என்றாள் சுந்தராம்பாள். அம்மாக்கண்ணு சிரித்துவிட்டாள்.

ஞாயிறு பூசையில் வாத்தியார் வழக்கத்தைவிட நெடுநேரம் முழங்காலில் நின்றார். அங்காளம்மனுக்கு ஒரு முடி நல்லபடியாகப் போய்ச் சேரவேண்டும் என்று அந்தோணியாரிடம் வேண்டுவது எப்படி என்பதிலேயே பாதி நேரம் போயிருக்கவேண்டும்.

திங்களன்று பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் பதிவேட்டைத் திறந்தார். "முப்பத்தொன்பது" என்று பேனாவைத் திறந்தார். வாத்தியார் அவருக்கு மோர் கொடுத்தார். பிறகு இன்னொரு மோர் கொடுத்தார். உள்ளே சுந்தராம்பாள் பிள்ளைகளோடு பாடிக்கொண்டிருந்தாள், வழக்கத்தைவிடச் சத்தமாக. மூன்றாவது மோரை இன்ஸ்பெக்டர் கையால் மறித்தபோது, மலையனூர்ப் பக்கம் வளத்தியிலிருந்து வரும், யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையால் ஓடும் பஸ்ஸின் இருமல் கேட்டது.

அம்மாக்கண்ணு மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். மகளுக்குச் சந்தனம் பூசிய மொட்டை. தாய்க்குக் கை இரண்டும் கரி.

"பஸ்சு எங்கள இட்டாரல சாரு, நாங்கதான் பஸ்ச தள்ளி இட்டாந்தோம்!"

யாரும் சொல்லாமலே காத்தாயி கையைத் தூக்கினாள். விரல் சந்தனத்தில் வழுக்கிக்கொண்டுபோய்க் காதைத் தொட்டது மட்டுமல்ல, பிடித்துத் திருகியும் காட்டியது.

"பிறந்த தேதி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஜூன் ஒண்ணு" என்றார் பொய் சொல்லாத வாத்தியார்.

மேலே வரிசையாக நின்ற ஜூன் ஒன்றுகளை இன்ஸ்பெக்டர் ஒருமுறை பார்த்தார். 'நாற்பது' என்று எழுதிப் பேனாவை மூடினார். உள்ளே பாட்டு நின்றது. சுந்தராம்பாள் வந்து காத்தாயியின் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். வாத்தியார் அந்த மூன்றாவது மோரைத் தாமே குடித்தார்.

அடுத்த ஜூனில் சேர்க்கைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். ஆறு பேர் மொட்டை. மலையனூரில் முடி கொடுத்தால்தான் அந்தப் பள்ளியில் இடம் என்று கடைத்தெருவில் பேச்சு. வாத்தியார் ஒவ்வொருவரிடமும் விதியை விளக்கினார். "எங்களுக்குத் தெரியாதா சாரு" என்று எல்லோரும் கண்ணைச் சிமிட்டினார்கள். சுந்தராம்பாளின் வேலைக்கு இனி ஆபத்தில்லை என்பதால், அவரும் ரொம்ப அழுத்தி மறுக்கவில்லை.

கடைசியாக வந்தவன் செபாஸ்தியான், வாத்தியாருடைய பங்குக் கோயில்காரன். மொட்டைத்தலை மகனை முன்னே நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"சார், இது வேளாங்கண்ணி மொட்டை. செல்லுமா?"