துண்டு போட்ட இடம்

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். அன்று, சர்வருக்குள் பில் போடுவதற்காக ஓடும் மெய்நிகர் கணினியிடம் ஒரு நெட்வொர்க் கார்டை ஒப்படைக்கப் போனேன். சர்வரை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னல் மறுத்தது. நினைவகத்தில் ஓரிடம் அந்தக் கார்டுக்கென்று முன்பே ஒதுக்கப்பட்டிருக்கிறதாம். காலியாகத்தானே கிடக்கிறது என்று கெர்னலில் அந்தத் தடையையே எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பில் கணினி உறைந்துவிட்டது.

"ஏலே, லோடு லாரி நிக்குது, என்ன செஞ்சு வச்சிருக்க?" என்றார் முதலாளி.

தடையைத் திரும்ப வைத்ததும் சரியானது. ஏன் என்றுதான் விளங்கவில்லை.

சாயங்காலம் பசுவந்தனை பஸ்ஸில் ஒரு சீட்டில் துண்டு கிடந்தது. ஆளில்லையே என்று அதை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன். போன் பேசிக்கொண்டே வந்த ஒருவர், பார்க்காமல் என் மடியிலேயே உட்கார்ந்தார்.

"துண்டு போட்டுட்டுல்லா டீ குடிக்கப் போனேன்!"

கார்டும் பார்ப்பதில்லை. நினைவகத்தில் தனக்கு ஒதுக்கிய இடம் என்று நம்பி அதில் தகவலை எழுதிவிடுகிறது. அன்று அந்த இடத்தில் பில் கணினி உட்கார்ந்திருந்தது, என்னைப்போல.